நிகோ வில்லியம்ஸ் ஏன் பார்சிலோனா போகவில்லை? அத்லெடிக் பில்பாவோ பற்றி ஓர் இழை

5 ஜூலை 2025, காலை

வாசகர் ஒருவரின் கேள்வி: கால்பந்து வீரர் நிகோ வில்லியம்ஸ் 2035 வரை ஸ்பெயினின் அத்லெடிக் பில்பாவோ கிளப்பில் கையெழுத்துப் போட்டுவிட்டார். போன வருடம் யூரோ கோப்பை இறுதிப் போட்டியில் கோல் அடித்த விங்கர் (ஓரத்தில் ஓடி ஆடும் முன்கள வீரர்), வயது 22. பார்சிலோனா வா வா என்று கூப்பிடுகிறது. 1984க்குப் பிறகு லீக் ஜெயிக்காத, பாஸ்க் ஆட்களை மட்டும் வைத்து ஆடும் ஒரு கிளப்பில் உட்கார்ந்து என்ன சாதிக்கப் போகிறார்? எனக்கு இது வெறும் சென்டிமென்டாகத் தெரிகிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

5 ஜூலை, இரவு

கல்லூரிக் காலத்திலிருந்து இந்த அணியைப் பார்த்து வருகிறேன், அதனால் நானே தொடங்குகிறேன். முதலில் பணக் கணக்கு. நிகோ தியாகம் எதுவும் செய்யவில்லை. புதிய ஒப்பந்தத்தில் அவருடைய விடுவிப்புத் தொகை, அதாவது ஒப்பந்தம் முடியுமுன் அவரைக் கொண்டுபோக வேறு கிளப் கட்ட வேண்டிய தொகை, ஐம்பது சதவீதத்துக்கு மேல் கூடியிருக்கிறது. அத்லெடிக் ஏழை கிளப்பும் கிடையாது. 2012இல் ஹாவி மார்ட்டினஸ் பயர்னுக்குப் போனபோது 4 கோடி யூரோ வந்தது. 2018 ஜனவரியில் லபோர்த் 6.5 கோடிக்கு மான்செஸ்டர் சிட்டிக்குப் போனார், அதே ஆண்டு ஆகஸ்டில் கோல்கீப்பர் கெப்பா 8 கோடிக்கு செல்சிக்குப் போனார். முழுத் தொகையையும் மேஜையில் வைத்தால்தான் ஆளை விடுவார்கள். பேரமெல்லாம் நடக்காது.

சிக்கல் அதற்கப்புறம்தான். அந்தப் பணத்தை எடுத்துக்கொண்டு பிரேசிலுக்கோ செனகலுக்கோ போய் ஆள் வாங்க முடியாது. பாஸ்க் மண்ணில் பிறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அங்கே ஆடக் கற்றிருக்க வேண்டும். ஸ்பெயின் பக்கம் பிஸ்காயா, கிபுஸ்கோவா, ஆலவா, நவார்ரா, பிரான்ஸ் பக்கம் மூன்று சிறு மாவட்டங்கள். எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 30 லட்சம் மக்கள். கையில் காசு இருக்கிறது, கடையில் சரக்கு இல்லை. அதனால் இருக்கிறவரைத் தக்கவைக்கவே அந்தக் காசு போகிறது. பார்சிலோனாவில் நிகோ போனால் இன்னொரு விங்கர் வருவார். பில்பாவோவில் நிகோ போனால் அடுத்த நிகோ பிறந்து வளர வேண்டும். இந்த மதிப்பை வேறு எந்த கிளப்பும் அவருக்குத் தர முடியாது. என் பதில் இதுதான். கீழே எழுதப்போவதெல்லாம் இதற்கான விளக்கம்.

6 ஜூலை

"இந்த விதி கிளப்பின் சட்டதிட்டத்தில் எத்தனையாவது பிரிவு?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். எந்தப் பிரிவும் இல்லை. எழுதப்படாத வழக்கம். ரியல் மாட்ரிட், பார்சிலோனா, ஒசாசுனா போல இதுவும் உறுப்பினர்களுக்குச் சொந்தமான கிளப். தலைவரை உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். வழக்கத்தை எடுத்துவிடுகிறேன் என்று சொல்லி எவரும் அந்தத் தேர்தலில் ஜெயிக்க முடியாது. எழுதி வைத்த விதியை விட இது உறுதியாக நிற்பதற்குக் காரணம் அதுதான்.

தொடக்கத்தில் இப்படி இல்லை. பில்பாவோ துறைமுகத்துக்கும் இரும்புச் சுரங்கத்துக்கும் கப்பல் பட்டறைக்கும் வந்த ஆங்கிலேயர்களும், இங்கிலாந்தில் படித்துவிட்டுத் திரும்பிய உள்ளூர்ப் பையன்களும் சேர்ந்து கொண்டு வந்த ஆட்டம் இது. கிளப் தன் பிறந்த ஆண்டாகச் சொல்வது 1898. பெயரிலேயே ஆங்கிலம் இருக்கிறது. 1911 ஸ்பெயின் கோப்பைப் போட்டியில் அவர்கள் இறக்கிய ஆங்கில வீரர்களை வைத்துப் பெரிய சச்சரவு வெடித்தது. அதற்கு அடுத்துத்தான் உள்ளூர் ஆட்கள் போதும் என்ற வழக்கம் வேர்விட்டது. அதுவும் அப்படியே உறைந்து நிற்கவில்லை. முதலில் பிஸ்காயா மட்டும், பிறகு மற்ற பாஸ்க் மாகாணங்கள், பிறகு அங்கே வளர்ந்தவர்கள் என்று வட்டம் பெரிதாகிக்கொண்டே வந்தது. 1996இல் லிசராசு வந்தபோது பிரான்ஸ் பக்கத்து பாஸ்க் ஒருவர் முதல் முறையாக இந்தச் சட்டையைப் போட்டார்.

6 ஜூலை, சற்று நேரம் கழித்து

இல்லை, அத்லெடிக் பில்பாவோவும் அட்லெடிகோ மாட்ரிட்டும் ஒன்று இல்லை. ஆனால் குழப்பம் நியாயமானது. 1903இல் மாட்ரிட்டில் படித்துக்கொண்டிருந்த பாஸ்க் மாணவர்கள் பில்பாவோ கிளப்பின் கிளையாகத் தொடங்கியதுதான் இன்றைய அட்லெடிகோ. சட்டையும் ஒரே கதை. முதலில் நீலமும் வெள்ளையும். பிறகு ஹுவான் எலோர்துய் என்பவர் இங்கிலாந்தில் சட்டை வாங்கப் போய், நீல வெள்ளை போதிய அளவு கிடைக்காமல், சவுதாம்ப்டன் அணியின் சிவப்பு வெள்ளைச் சட்டைகளை மூட்டை கட்டிக்கொண்டு வந்தார். சிவப்பும் வெள்ளையும் பில்பாவோ நகரத்துக் கொடியின் நிறங்களும்கூட. அதனால் யாரும் மறுக்கவில்லை. இரண்டு கிளப்களும் இன்றுவரை அதையே உடுத்துகின்றன.

9 ஜூலை

பிச்சிச்சி பற்றிச் சொல்லச் சொன்னீர்கள். ஸ்பெயின் லீகில் அதிக கோல் அடிப்பவருக்குத் தரும் விருதை பிச்சிச்சி என்று சொல்கிறோமே, அது ஒரு மனிதரின் பட்டப்பெயர். ரஃபேல் மொரேனோ, 1892இல் பில்பாவோவில் பிறந்தவர், எழுத்தாளர் உனாமுனோவுக்கு உறவு. உயரமில்லாத, ஒல்லியான ஆள். தலையில் வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு ஆடுவார். 1913 ஆகஸ்ட் 21இல் அத்லெடிக்கின் சான் மமேஸ் மைதானம் திறந்தபோது அங்கே விழுந்த முதல் கோல் அவருடையது. 1920 ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் வெள்ளிப் பதக்கம் வாங்கிய ஸ்பெயின் அணியிலும் இருந்தார். 1922 மார்ச்சில் டைஃபஸ் காய்ச்சலில் செத்துப்போனார். வயது 29.

1926இல் மைதானத்தில் அவருக்கு மார்பளவுச் சிலை வைத்தார்கள். சான் மமேஸுக்கு முதல் தடவையாக ஆட வரும் எந்த அணியின் கேப்டனும் அந்தச் சிலைக்குப் பூச்செண்டு வைத்துவிட்டுத்தான் ஆட வேண்டும். வேலை விஷயமாக பில்பாவோ போனபோது அதைப் பார்த்தேன். சின்னச் சிலை. பெரிய பீடமோ அலங்காரமோ எதுவும் இல்லை. எதிர்பார்த்ததை விடச் சின்னதாக இருந்தது எனக்குப் பிடித்தது. பழைய மைதானம் 2013இல் மூடியபோது சிலையைப் பக்கத்திலேயே எழுந்த புதிய மைதானத்துக்குக் கொண்டுபோனார்கள். 1953இல் கட்டிய பழைய இரும்பு வளைவை லெசாமா பயிற்சிக் களத்தில் நிறுத்தினார்கள். அத்லெடிக்காரர்களுக்கு எதையும் தூக்கிப்போட மனசு வராது.

10 ஜூலை

அத்லெடிக் வீரர்களுக்குச் "சிங்கங்கள்" என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்குச் சுருக்கமாக: சான் மமேஸ் என்பவர் ஆதிக் கிறிஸ்தவப் புனிதர். சிங்கங்களுக்கு இரையாகப் போட்டபோது அவை அவரைத் தொடவில்லை என்பது ஐதீகம். மைதானத்துக்குப் பக்கத்தில் அவர் பெயரில் ஓர் ஆலயம் இருந்தது. மைதானத்துக்கு "கதீட்ரல்" என்ற பெயரும் உண்டு.

13 ஜூலை

பென்ட்லண்டை விட்டுவிட்டு இந்த கிளப்பின் வரலாற்றைச் சொன்னால் பாவம். ஃப்ரெட் பென்ட்லண்ட், ஆங்கிலேயர். முதல் உலகப் போரின்போது ஜெர்மனியில் ரூலேபன் முகாமில் அடைபட்டுக் கிடந்தவர். தலையில் உருண்டைத் தொப்பி, வாயில் சுருட்டு. பந்தைத் தூக்கி அடித்துவிட்டு ஓடுவதுதான் ஆட்டம் என்றிருந்த இடத்தில், காலுக்குக் கால் கொடுத்து ஆடக் கற்றுக்கொடுத்தார். 1930, 1931 இரண்டு வருடமும் லீகும் கோப்பையும் சேர்ந்து வந்தன. கோப்பை 1930 முதல் 1933 வரை தொடர்ந்து நான்கு தடவை. பெரிய வெற்றி கிடைத்தால் பையன்கள் அவர் தொப்பியைப் பிடுங்கித் தரையில் போட்டு மிதித்து நசுக்குவார்கள். அவரும் விட்டுவிடுவார். அந்தக் காலத்தில் பில்பாவோவில் தொப்பிக் கடை வைத்திருந்தவர் நன்றாகச் சம்பாதித்திருப்பார்.

1931 பிப்ரவரி 8இல் பார்சிலோனாவை 12-1 என்று அடித்ததும் அவர் அணிதான். அதில் பாட்டா ஒருவரே 7. லீகில் பார்சிலோனா வாங்கிய மிகப் பெரிய அடி இன்றைக்கும் அது. 1959இல் வயதான பென்ட்லண்டை மறுபடி அழைத்து, செல்சியுடன் ஒரு ஆட்டம் வைத்து கௌரவித்தார்கள். முப்பது வருடத்துக்கு முன் வேலை பார்த்த வெளிநாட்டுப் பயிற்சியாளரை யார் ஞாபகம் வைத்துக் கூப்பிடுகிறார்கள்? பாஸ்க் வழக்கம் ஆட்டக்காரர்களுக்கு மட்டும்தான், பயிற்சியாளருக்குக் கிடையாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2012இல் பயிற்சி கொடுத்த பியெல்சா அர்ஜென்டினாக்காரர்.

19 ஜூலை

ஸாரா. தெல்மோ ஸாரா. தகப்பனார் ரயில்வே வேலை, இவர் பிறந்தது ரயில் நிலையத்தில். லீகில் 251 கோல். இந்தச் சாதனையை மெஸ்ஸி தாண்டியது 2014 நவம்பரில். அதுவரை ஸ்பெயினில் ஆடிய டி ஸ்டெஃபானோ, புஷ்காஷ், ஹியூகோ சான்செஸ், ரவுல் எல்லோரும் அதற்குக் கீழேதான் நின்றார்கள். 1950–51 சீசனில் 38 கோல். பிச்சிச்சி விருது ஆறு தடவை. 1950 உலகக் கோப்பையில் மரக்கானாவில் இங்கிலாந்தை வீழ்த்திய ஒரே கோலும் அவருடையது.

இரியோன்டோ, வெனான்சியோ, ஸாரா, பானிசோ, கயின்ஸா: பில்பாவோவின் பெரியவர்கள் இந்த ஐந்து பெயரையும் ஒரே மூச்சில், இதே வரிசையில் சொல்வார்கள். பாருக்குள் பேச்சுக் கொடுத்த ஒரு தாத்தா எனக்கும் சொன்னார். நான் திருப்பிச் சொன்னதும் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அந்தக் காலம் சர்வாதிகாரி பிராங்கோவின் காலம். ஸ்பானிஷ் அல்லாத பெயர் கூடாது என்று 1941இல் கிளப்பின் பெயரையே "அட்லெடிகோ" என்று மாற்ற வைத்தார்கள். பழைய பெயர் திரும்பி வர 1972 ஆயிற்று. இடையில் 1956இல் லீக். அதற்கடுத்து ஐரோப்பியக் கோப்பையில் புஷ்காஷின் ஹான்வேத் அணியை வெளியேற்றினார்கள். ஹங்கேரியில் புரட்சி வெடித்திருந்ததால் இரண்டாவது ஆட்டம் பிரஸ்ஸல்ஸில் நடந்தது. பிறகு பனி கொட்டிய சான் மமேஸில் மான்செஸ்டர் யுனைடெட்டை 5-3 என்று அடித்துவிட்டு, அங்கே போய் 3-0 தோற்றார்கள். 1958 கோப்பை இறுதியில் டி ஸ்டெஃபானோ ஆடிய ரியல் மாட்ரிட்டை, அவர்கள் சொந்த பெர்னபேயுவிலேயே 2-0. மாட்ரிட் அப்போதுதான் மூன்றாவது ஐரோப்பியக் கோப்பையை வென்றிருந்தது. "பதினொரு கிராமத்தார்" ஜெயித்த ஆட்டம் என்று இன்றும் அதற்குப் பெயர்.

20 ஜூலை

அரசியல் வேண்டாம் என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். மன்னிக்கவும், இந்த கிளப்பைப் பற்றி அரசியல் இல்லாமல் பேச முடியாது. 1976 டிசம்பர் 5. பிராங்கோ இறந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. பாஸ்க் கொடியான இகுர்ரினாவுக்குத் தடை நீங்கவில்லை. சான் செபாஸ்டியனில், அந்த ஊர் பாஸ்க் கிளப்பான ரியல் சொசியெடாடுடன் டெர்பி. சொசியெடாடு வீரர் ஒருவரின் சகோதரி கொடியைத் தைத்துக் கொடுத்தார். யார் கண்ணிலும் படாமல் அதை மைதானத்துக்குள் கொண்டு வந்தார்கள். இரண்டு கேப்டன்களும், நம் பக்கம் இரிபார், அந்தப் பக்கம் கோர்தபர்ரியா, ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நடுக்களத்துக்கு நடந்தார்கள். அடுத்த மாதம் தடை நீங்கியது. அன்றைய ஆட்டத்தில் அத்லெடிக் 5-0 என்று தோற்றது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

இரிபார் 614 ஆட்டம் ஆடிய கோல்கீப்பர். 1977இல் யுவெஃபா கோப்பை இறுதியில் இரண்டு ஆட்டமும் சேர்த்துச் சமமாகி, ஜுவென்டஸிடம் வெளியூர் கோல் கணக்கில் தோற்றார்கள். கொஞ்ச நாளில் ஸ்பெயின் கோப்பை இறுதியும் பெனால்டியில் போனது. கடைசிப் பெனால்டியை அடித்துத் தவறவிட்டவர் இரிபாரேதான். அதற்காக அவரை ஒரு ஆள்கூடக் குறை சொல்லி நான் படித்ததில்லை.

27 ஜூலை

"மரடோனாவின் காலை ஒடித்த கசாப்புக்காரர்கள்" என்று கோபமாக ஒரு பதில் வந்திருக்கிறது. 1983 செப்டம்பரில், அப்போது பார்சிலோனாவுக்கு ஆடிய மரடோனாவுக்கு நம் டிஃபெண்டர் கொய்கோச்சியா செய்தது மோசமான ஃபவுல். கணுக்கால் உடைந்தது. நியாயப்படுத்த எதுவும் இல்லை. 1984 கோப்பை இறுதியில் எண்டிகாவின் ஒரே கோலில் அத்லெடிக் பார்சிலோனாவை ஜெயித்ததும், மன்னர் பார்த்துக்கொண்டிருக்க இரு அணிகளும் உதைத்துக்கொண்டதும் உண்மை. ஆனால் பயிற்சியாளர் கிளெமென்டேயின் அந்த அணியை இந்த இரண்டு காட்சியோடு முடித்துவிடக் கூடாது. 1983இல் கடைசி நாள் லாஸ் பால்மாஸில் 5-1 ஜெயித்து, அதே நேரம் மாட்ரிட் வலென்சியாவில் தோற்க, லீக் கைக்கு வந்தது. 1984இல் கடைசி நாள் ரியல் சொசியெடாடை 2-1. இரண்டு கோலும் லிசெரான்சு, ஒரு டிஃபெண்டர். சுபிசரெட்டா, சரபியா, தானி, ஆர்கோட்டே எல்லோரும் அந்த அணி. கோப்பைகளை கபர்ரா என்னும் சரக்குப் படகில் ஏற்றி நெர்வியோன் ஆற்றில் ஊர்வலம் வந்தார்கள்.

28 ஜூலை

நேற்று எழுதிவிட்டுப் படுத்தபின் இன்னொரு பக்கமும் யோசித்தேன். 1962இலிருந்து 1973 வரை ஸ்பெயினில் வெளிநாட்டு வீரர்களைப் புதிதாக வாங்கவே தடை. 1984இல்கூட ஒரு அணிக்கு இரண்டு பேர்தான். அதாவது எதிராளிகளுக்கும் கை பாதி கட்டியிருந்தது. 1995இல் ஐரோப்பிய ஒன்றியத்து வீரர்களுக்கு எண்ணிக்கை வரம்பு கூடாது என்ற போஸ்மன் தீர்ப்பு வந்ததும் மற்றவர்கள் கையை முழுதாக அவிழ்த்துவிட்டார்கள். சொசியெடாடு அதற்கும் முன்பே, 1989இல், அயர்லாந்து வீரர் ஆல்ட்ரிட்ஜை வாங்கித் தன் பாஸ்க் வழக்கத்தைக் கைவிட்டிருந்தது. ஆகவே கேள்வி கேட்டவர் சொல்லும் 1984 ஒரு அணி சோர்ந்துபோன வருடம் இல்லை, சந்தை மாறியதற்கு முந்திய கடைசி வெற்றி. இன்றைக்கு லீக் ஜெயிப்பது மிக மிகக் கடினம், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ரியல் மாட்ரிட், பார்சிலோனா, அத்லெடிக் மூன்று மட்டும்தான் முதல் டிவிஷனிலிருந்து ஒருதரமும் இறங்காதவை. 2007இல் கடைசி நாள் லெவான்டேயை ஜெயித்துத்தான் தப்பித்தார்கள் என்றாலும், தப்பித்தார்கள்.

2 ஆகஸ்ட்

"இது இனவெறிதானே?" இந்தக் கேள்வி வரும் என்று தெரியும், வர வேண்டிய கேள்வியும்கூட.

இன்றைய வழக்கத்தில் ரத்தமோ குடும்பப் பெயரோ பார்ப்பதில்லை. இனாக்கி, நிகோ சகோதரர்களின் பெற்றோர் கானாவிலிருந்து கிளம்பி, சஹாராவில் நடந்து, மெலில்லா வேலியைத் தாண்டி வந்தவர்கள். இனாக்கி 1994இல் பில்பாவோவில் பிறந்தார், நிகோ 2002இல் பம்ப்லோனாவில். இனாக்கி 2016 முதல் 2023 வரை லீகில் தொடர்ந்து 251 ஆட்டம் ஆடினார், ஒன்றுகூட விடவில்லை. அண்ணன் கானாவுக்கு ஆடுகிறார், தம்பி ஸ்பெயினுக்கு.

ஆனால் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது. மிகேல் ஜோன்ஸ், இன்றைய ஈக்குவடோரியல் கினியாவில் பிறந்து, சின்ன வயதிலேயே பில்பாவோ வந்து, அங்கேயே ஆடி வளர்ந்தவர். 1950களில் அத்லெடிக் அவரைச் சேர்க்கவில்லை. பிறந்த இடம்தான் காரணம் என்றார்கள், நிறம்தான் என்று நம்பியவர்களும் உண்டு. அவர் அட்லெடிகோ மாட்ரிட் போய், 1962இல் கோப்பை வென்றவர்கள் கோப்பை இறுதியில் கோல் அடித்தார். இன்றைய அளவுகோலில் தாராளமாகச் சேர்ந்திருப்பார். முதல் கறுப்பின வீரராக ஜோனாஸ் ரமால்யோ களமிறங்கியது 2011இல்தான். இவ்வளவு தாமதம் எனக்கு உறுத்துகிறது. இந்த அணியை நேசிக்கிறவர்கள்தான் இதை முதலில் பேச வேண்டும்.

3 ஆகஸ்ட்

பக்கத்து ஊர் கிளப்களின் பையன்களைப் பறிக்கிறார்கள் என்ற புகாரும் சரியானதே. 1995இல் எட்செபெரியாவை இளம் வயதில் சொசியெடாடிலிருந்து எடுத்ததால் இரண்டு கிளப்களுக்கும் இடையே உறவே முறிந்தது. அதே எட்செபெரியா 15 வருடம் ஆடிவிட்டு, கடைசி சீசனில் சம்பளம் வாங்காமல் ஆடினார். இரண்டும் ஒரே மனிதரின் கதை.

16 ஆகஸ்ட்

2024 ஸ்பெயின் கோப்பை இறுதிப் போட்டி. நமக்கு ஏப்ரல் 7 அதிகாலை ஒன்றரைக்குத் தொடங்கி, நாலு மணி தாண்டித்தான் முடிந்தது. வீட்டில் எல்லோரும் தூங்க, டிவி சத்தத்தை அடியோடு குறைத்துவிட்டுப் பார்த்தேன். அதற்கு முன் எத்தனை இறுதி! 2009, 2012, 2015, எல்லாம் பார்சிலோனாவிடம் தோல்வி. 2012இல் பியெல்சாவின் அணி யுனைடெட்டை ஓல்ட் டிராஃபோர்டில் 3-2, வீட்டில் 2-1 என்று துவைத்துவிட்டு, யூரோப்பா லீக் இறுதியில் அட்லெடிகோவிடம் 3-0. பிறகு 2021 ஏப்ரலில் இரண்டு வாரத்தில் இரண்டு கோப்பை இறுதி: கொரோனாவால் தள்ளிப்போன முந்திய வருடத்தது சொசியெடாடிடம் போனது, அந்த வருடத்தது பார்சிலோனாவிடம்.

செவில்லில் மயோர்கா முதலில் கோல் போட்டது. சான்செட் சமன் செய்தார். பெனால்டியில் அகிர்ரெசபாலா ஒன்றைத் தடுத்தார், மயோர்காவின் இன்னொன்று மேலே பறந்தது. ரவுல் கார்சியா, முனியாயின், வெஸ்கா, பெரெங்கர் நால்வரும் போட்டார்கள். எனக்கு அன்று முனியாயின் முகம்தான் கண்ணில் நின்றது. 16 வயதில் அறிமுகமாகி, நான்கு கோப்பை இறுதிகளிலும் ஒரு யூரோப்பா இறுதியிலும் தோற்ற கேப்டன். அந்தக் கோடையோடு கிளப்பை விட்டுக் கிளம்பவும் செய்தார். நாற்பது வருடம் கழித்து கபர்ரா வெளியே வந்தது. ஏறக்குறைய மூன்றரை லட்சம் பேர் வாழும் ஊரில், ஆற்றங்கரைகளில் பத்து லட்சம் பேர் திரண்டதாக மதிப்பிட்டார்கள். நிகோ அந்தப் படகில் நின்றவர். அதற்கப்புறம் "என்ன சாதிக்கப் போகிறார்" என்று கேட்டால் அவர் என்ன சொல்வார் என்று யோசித்துப் பாருங்கள்.

17 ஆகஸ்ட்

பெண்கள் அணியை விட்டுவிட்டேன் என்று நினைவூட்டியவருக்கு நன்றி. ஐந்து லீக் பட்டம். 2019 ஜனவரி 30இல் அட்லெடிகோவுடன் ஆடிய கோப்பை ஆட்டத்துக்கு சான் மமேஸில் 48,121 பேர். வார நாள் அது.

17 செப்டம்பர்

நேற்று ஆர்சனலிடம் 2-0 தோல்வி, 2014–15க்குப் பிறகு முதல் சாம்பியன்ஸ் லீக் ஆட்டம். மாற்று ஆளாக வந்த மார்ட்டினெல்லி வந்த சூட்டிலேயே கோல் போட்டுவிட்டார். எதிரணியின் பெஞ்சைப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும், இந்த வழக்கத்தின் விலை அது. லபோர்த் சவூதியிலிருந்து திரும்பி வந்திருக்கிறார். பதிவுத் தாள் தாமதமாகி, ஃபிஃபா முதலில் மறுத்து, பிறகு அனுமதித்தது. பிறந்தது அஜென் என்னும் பாஸ்க் அல்லாத பிரெஞ்சு ஊரில், வளர்ந்தது பயோனிலும் லெசாமாவிலும். "இது வழக்கத்தை வளைப்பது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். என் கருத்தில் வளைவதால்தான் அது நூறு வருடம் தாண்டியும் உடையவில்லை.

புதிதாகப் பார்க்கத் தொடங்குகிறவர் எந்த ஆட்டத்தில் ஆரம்பிக்கலாம் என்று கேட்ட தம்பிக்கு: 2019 ஆகஸ்ட் 16, சான் மமேஸ், பார்சிலோனாவுடன். 88ஆவது நிமிடம் அதூரிஸ் இறங்குகிறார், வயது 38, அதுதான் கடைசி சீசன் என்று முன்பே அறிவித்துவிட்டார். அடுத்த நிமிடம் வலப்பக்கத்திலிருந்து வரும் பந்தைக் காற்றில் படுத்து, தலைகீழாக உதைக்கிறார். 1-0. முழு ஆட்டத்தையும் பாருங்கள், அந்த கோலை மட்டும் பார்க்காதீர்கள்.